கைபேசியை அவர் பக்கம் திருப்புங்கள்

தாம்பரம் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் மேலாளர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். ஓய்வுபெற்ற சர்வீஸ் மேலாளர் என்ற முறையில் தொழில்நுட்பம் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. எந்த மாடலில் எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் எந்தத் திரை வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கற்றவற்றில் பாதிக்கு இப்போது பயனில்லை.

ஆனால் உங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பூட்டிக்கொண்ட கைபேசியையோ இயங்காமல் நின்றுபோன கைபேசியையோ ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து வாங்கிய நாளின் நிலைக்குத் திருப்பும்போது, அழிப்பதற்கான கடைசிப் பொத்தானை நாம் அழுத்துவதில்லை. கைபேசியை முகப்பு மேசைக்குக் கொண்டுவந்து, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து, அவரையே அழுத்தச் சொல்கிறோம். இது ஒரு சட்டப் பாதுகாப்பு என்று உங்களில் பலர் நினைப்பதாக அறிந்தேன். சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு சனிக்கிழமை, ஒருவருடைய பிடிவாதத்தால் வந்த வழக்கம் இது. அவரைப் பற்றியும், அண்மையில் நானே வாடிக்கையாளராக உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றதைப் பற்றியும் எழுதுகிறேன்.

அவர் முகப்பு மேசையில் இருந்தார். பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர்; அந்த வேலையை விட்ட பிறகு நம் கிளையில் சேர்ந்தார். வருகிறவர்களிடம் கைபேசியை வாங்கி, என்ன நேர்ந்தது என்று கேட்டு, உள்ளே அனுப்புவது அவர் பணி. அவர் என் மனைவியும்கூட. அலுவலகத்தில் அவர் என்னை "சார்" என்றார். நான் அவரை "மேடம்" என்றேன். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு உறவு தெரிய வெகுநாள் ஆகும். பொழிச்சலூரிலிருந்து வந்த பிரவீன் என்ற தொழில்நுட்பர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்தார். என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் அதிசயம், மேடம் வீட்லயும் இன்னைக்குப் புடலங்காய்தான்!" என்றார். மேசையில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நேத்து வெண்டைக்காயும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, கவனிக்கலையா பிரவீன்?" என்றார் மேடம்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பணியிடத்தில் அவர் மேடமாகவே இருந்தார், அப்படியே இருக்கட்டும். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் காலமானார். அது பற்றி இதற்கு மேல் எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலிகள் போதாமல் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். பாக்கியம் என்ற பெண்மணி பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்திருந்தார். இட்லி மாவு அரைத்து அங்கேயே வீடு வீடாகக் கொடுப்பவர். அவருடைய கைபேசி தொடங்கும், நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும், அணையும், மீண்டும் தொடங்கும். முதல் நாள் இரவிலிருந்து இதையே செய்துகொண்டிருந்தது.

பிரவீன் தேர்ந்த கைக்காரர். ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பிடித்துக்கொண்டதும் கைபேசி, பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள மீட்புத் திரைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் போயிடுச்சு சார். ரீஸ்டோர்தான்" என்றார். அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. கணினியோடு கேபிளில் இணைத்து, கைபேசியைத் தொடாமலேயே அழித்து முடிப்பதுதான் அக்காலத்தில் எங்கள் முறை. ஒப்புதல் தாளில் பாக்கியம் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் அவரிடம் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"பாக்கியம், இதுல எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"போன ரெடி பண்ணத்தானம்மா?"

"ரெடியாகும். ஆனா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும்."

"அழியட்டும். பாட்டு, படம், அதெல்லாம் போனாப் போவுது."

"நம்பர் எல்லாமும் போயிடும்."

பாக்கியத்தின் குரல் மாறியது. "மூஞ்சிங்களுமா?"

பாக்கியத்துக்குத் தம் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் எழுத்தில்லை. ஆகையால் தமக்கு வேண்டியவர்கள் ஒவ்வொருவரையும் முகத்தைப் படமெடுத்து, அந்தப் படத்தோடுதான் எண்ணைச் சேமித்துவைத்திருந்தார். முகத்தைத் தொட்டால் அழைப்பு போகும். அந்தக் கைபேசி தவிர வேறெங்கும் நகல் இல்லை.

"மத்தவங்கள்லாம் எப்டியும் மாவுக்குக் கூப்ட்ருவாங்கம்மா. அவங்க நம்பரு தானா வந்துரும். என் தம்பி ஒருத்தன் கீறான். ஆத்தங்கரைல எங்க வூட்டையெல்லாம் இடிச்சி எடுத்தாங்கல்ல, அப்போ பெரும்பாக்கம் வரமாட்டேன்னு கோச்சிகினு பூட்டான். கட்டட வேல. இன்னிக்கி ஒரு ஊரு, நாளிக்கி ஒரு ஊரு. அவனா எனக்குப் பண்ணவே மாட்டான். நான் பண்ணா எடுப்பான். அந்த நம்பரு வேற யார்கிட்டயும் இல்ல. அது பூட்டா அவனே பூட்டான்."

மேடம் என்னை வெளியே அழைத்தார். நான் போனபோது பிரவீனும் கேபிளோடு வாசலில் நின்றார்.

"சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவேன் சார்."

வரிசையில் இருந்த ஒருவர், மாடம்பாக்கத்துக் காலனிக்காரர், கைக்கடிகாரத்தைக் காட்டி, "டோக்கன் நகரவே மாட்டேங்குதே சார். நாங்கள்லாம் வேலையில்லாமயா வந்திருக்கோம்?" என்றார்.

பாக்கியம் அவர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் இரு சார். உன் தம்பியா காணாமப் பூடப் போறான்?"

மேடம் என்னிடம் சொன்னதைச் சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "அழிக்கிறதுதான் வழின்னா அழிப்போம் சார். ஆனா உள்ள வெச்சு வேண்டாம். இவங்க கண்ணு முன்னாடி. இவங்க கையாலயே."

அதனால் என்ன பயன் என்று பிரவீன் கேட்டார். கேள்வி நியாயமானது. யார் அழுத்தினாலும் அழிவது அழியும். மேடத்திடமும் அதற்குத் தர்க்கம் எதுவும் இல்லை. "கையெழுத்து போட்டப்போ அவங்களுக்கு என்ன போகுதுன்னு தெரியாது. இப்போ தெரியும். தெரிஞ்சு செய்யட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மேலாளருக்கு முன்னால் இப்படி இரண்டு நியாயங்கள் வந்து நிற்கும் தருணங்கள் உங்களுக்கும் வரும். ஒரு பக்கம் காத்திருப்பவர்களின் நேரம். மறுபக்கம் ஒருவருக்குத் திரும்பக் கிடைக்காத ஒன்று. காத்திருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியும். அழித்ததைத் திருப்பித் தர முடியாது. நான் அன்று யோசித்தது இவ்வளவுதான். பிரவீனிடம் கைபேசியை வெளியே கொண்டுவரச் சொன்னேன். காலனிக்காரரிடம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

கைபேசி முகப்பு மேசையில், பாக்கியத்தின் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. அந்த நிலையில் தொடுதிரை வேலை செய்யாது. ஒலிப் பொத்தான்களால் வரிக்கு வரி இறங்கி, பவர் பொத்தானை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அழிக்கும் வரிக்கு பிரவீன் இறங்கி நிறுத்தினார். "இந்தப் பக்கத்துல இருக்கிற பட்டன், பாக்கியம். உங்களுக்கு மனசு வரும்போது அழுத்துங்க. அவசரமில்ல" என்றார் மேடம்.

பாக்கியம் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். திறந்து பார்த்தார்.

"பூட்ச்சாம்மா?"

எதுவும் நடக்கவில்லை. அதே வரி, அதே திரை.

மீண்டும் அழுத்தினார். பிறகு கைபேசியைப் பக்கவாட்டில் உயர்த்திப் பார்த்தார். "இது அமுங்கலியேம்மா. இது ஏற்கெனவே அமுங்கிதான் கீது."

பிரவீன் அதைக் கையில் வாங்கினார். பொத்தானின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஒரு கணம் தயங்கி, கைபேசியை மூக்கருகே கொண்டுபோனார்.

"மேடம்… புளிக்குது."

"மாவுக் கைதான தம்பி. புளிக்காம, பன்னீரா மணக்கும்?" என்றார் பாக்கியம்.

உலர்ந்த இட்லி மாவு பொத்தானின் இடுக்கில் இறுகி, அதை உள்ளேயே பிடித்துவைத்திருந்தது. தன்னை அணைத்துத் தொடங்கும்படி யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கைபேசி நம்பியது, சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. பிரவீன் மீட்புத் திரையை அவ்வளவு எளிதாக வரவழைக்க முடிந்ததற்கும் அதுவே காரணம். மென்பொருளில் குறையே இல்லை. வழக்கம்போல் கேபிள் வழியாக அழித்திருந்தால் அந்தப் பொத்தானை யாரும் தொட்டிருக்கவே மாட்டோம். முகங்கள் அனைத்தும் போயிருக்கும். கைபேசியோ அணைந்து அணைந்து தொடங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். மென்பொருளில் தேர்ந்தவர்கள் நிறைந்த ஓர் இடத்தில்தான் இத்தகைய பிழை நிகழ முடியும். தெருமுனைக் கடையில் இருப்பவர் முதலில் பொத்தானைத்தான் அழுத்திப் பார்த்திருப்பார்.

பிரவீன் அதைச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். கைபேசி தொடங்கியது, சின்னம் தோன்றியது, அணையவில்லை. பாக்கியம் நன்றிகூட உடனே சொல்லவில்லை. முகங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய், ஒரு முகத்தில் நிறுத்தி, தொட்டார். ஒலிபெருக்கியில் மணி போவது கிளை முழுவதும் கேட்டது.

"இன்னா?" என்றது ஓர் ஆண் குரல்.

"ஒண்ணுமில்லடா. நல்லா கீறியான்னு பாத்தேன்."

"கீறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. காலனிக்காரர் தாங்க முடியாமல், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்.

"இதுக்குத்தான் சார். வாங்க, அடுத்தது நீங்கதான்" என்றார் மேடம்.

உள்ளே வேலை காத்திருந்தது, நான் போய்விட்டேன். "உன் நம்பரு குடும்மா. அப்டியே உன் மூஞ்சியும் ஒண்ணு. சிரி, பல்லு தெரியட்டும்!" என்று பாக்கியம் சொல்வதும், அதைத் தொடர்ந்து சிரிப்பொலியும் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டன.

அடுத்த வாரத்திலிருந்து மேடம் எல்லா ரீஸ்டோர்களையும் முகப்பு மேசைக்கு வரவழைக்கத் தொடங்கினார். பிரவீன்தான் அதை முதலில் ஆதரித்தார். பின்னர் நான் அதைக் கிளையின் விதியாக்கினேன். எல்லாக் கைபேசியிலும் மாவு ஒட்டியிருக்கும் என்பதற்காக அல்ல. அழிக்கப்போகும் பொத்தானின் மேல் விரலை வைத்த பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. எங்கே தவறவிட்டோம், எப்போது நனைந்தது, பிள்ளை எந்த எண்ணைப் போட்டுப் பூட்டினான் என்பதெல்லாம் அப்போதுதான் வாய்க்கு வருகிறது. உங்கள் கேள்விகளுக்கு அகப்படாத விவரம் அந்த ஒரு தயக்கத்தில் அகப்படும். அப்படி எதுவும் வராவிட்டாலும், இழப்பவர் தாம் இழப்பதை அறிந்து இழக்கிறார். அது சிறிய மரியாதையன்று.

இனி, நான் உங்கள் மேசைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

மேடத்தின் கைபேசி என்னிடம் இருந்தது. அதன் பூட்டு எண் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை. மருத்துவமனையில் இருந்தபோது ஒருநாள், "பாக்கியம் உடைஞ்ச கண்ணாடியோட ஒரு போனை வெச்சிருக்கா. என்னோடதுல இருக்கிறதைத் துடைச்சிட்டு, போனை அவளுக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தார். பாக்கியம் அதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவராகியிருந்தார். கடைசி மாதங்களில், மாவு கொடுக்கும் சாக்கில் வந்து மேடத்தின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கைபேசியைச் சில மாதங்கள் மின்னேற்றி, மேசையில் வைத்திருந்தேன். பிறகு ஒரு காலை நேரத்தில் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வந்தேன்.

முகப்பில் நித்யா இருந்தார். கடந்த ஆண்டு சேர்ந்தவர், என்னை அறியாதவர். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நான் முற்படவில்லை. யாருடைய கைபேசி என்று கேட்டார். சொன்னேன். சற்றுத் தாழ்ந்த குரலில், "உள்ள உங்களுக்கு வேணுங்கிறது ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். இருந்தது. இல்லை என்றேன்.

"அவங்க அக்கவுண்டோட பாஸ்வேர்டு தெரியுமா சார்? அழிச்ச பிறகு பழைய அக்கவுண்ட் கேக்கும். அது இல்லன்னா அப்புறம் இந்த போனை யாருமே யூஸ் பண்ண முடியாது. உள்ள இருக்கிறதும் போயி, போனும் போயிடும். யோசிச்சுக்கோங்க."

தெரியாது என்றேன். மீட்புத் திரையில் அழிக்கும் வரி வரை இறங்கிவிட்டு, நித்யா கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கதான் அழுத்தணும் சார். அவசரமில்ல."

இந்தச் சொற்கள் யாருடையவை என்று நித்யாவுக்குத் தெரிந்திருக்க முடியாது. யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மேசையிலிருந்து மேசைக்கு, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, அந்தக் குரலின் நிதானம் உட்பட வந்து சேர்ந்திருந்தது.

அழுத்துவதா வேண்டாமா என்று நான் எண்ணிப் பார்த்தேன். துடைத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொன்னவர், எதையும் பாதியில் விட்டுச் சொல்கிறவர் அல்லர். பொத்தான் நன்றாக அமுங்கியது.

அழிந்து, அணைந்து, தொடங்கியது. வரவேற்புத் திரை வந்தது. நித்யா அடுத்தடுத்த பக்கங்களைக் கடந்தார், பிறகு நிமிர்ந்தார். "அக்கவுண்ட் கேக்கவே இல்ல சார். மேடம் முன்னாடியே எடுத்துட்டாங்க போல."

மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு, அதை எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பூட்டைத் திறந்துவைத்துவிட்டு, தாழ்ப்பாளில் கை வைக்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டிருந்தார்.

முற்பகலில் பாக்கியம் வந்தார். வரச் சொல்லியிருந்தேன். உடைந்த கண்ணாடிக்குள் இருந்த முகங்களை, சிம்மோடு சேர்த்து, நித்யா மேடத்தின் கைபேசிக்கு மாற்றினார். அவை ஒவ்வொன்றாக வந்து அமர்ந்துகொண்டிருந்தபோது, தம்பி இப்போதாவது அழைக்கிறானா என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"பொங்கலுக்கு அவனே பண்ணான் சார்!"

"என்ன சொன்னான்?"

"'இன்னா'ன்னான்."

நித்யா சிரித்துவிட்டார். பாக்கியமும் சிரித்துக்கொண்டே கைபேசியை என்னிடம் நீட்டினார். "இத்தப் பாரு சார்."

மேடத்தின் கைபேசியில் மேடத்தின் முகம் இருந்தது. நான் அதுவரை பார்த்திராத படம். கழுத்தில் அடையாள அட்டை. பின்னால், கவனிக்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பிரவீன். எங்கள் வீட்டுப் படங்களில் அவர் சிரிப்பதில்லை; படத்துக்காகச் சிரிப்பது அவருக்கு வராது. இதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை கதவுக்கு அப்பாலிருந்து எனக்குக் கேட்ட சிரிப்பு இதுதான். நான் கேட்கும் முன்பே நித்யா அதை எனக்கும் அனுப்பிவைத்தார். அவருக்கு நான் முறையாக நன்றி சொல்லவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் வரியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்: அவருக்கும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும், அன்று கேபிளைக் கீழே வைத்த பிரவீனுக்கும், இனி அந்த மேசையில் உட்காரப்போகும் உங்களுக்கும்.

"இந்த நம்பரு இப்போ யாரு வச்சினு கீறாங்க சார்?" என்று பாக்கியம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் முகத்தைத் தொட்டுவிட்டார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. சமையல் எரிவாயுப் பதிவு அந்த எண்ணில் இருப்பதால், மேடத்தின் சிம்மை என் கைபேசியில் இரண்டாவதாகப் போட்டிருந்தேன். எடுத்துக் காதில் வைத்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் நானும், ஓரடி தள்ளிப் பாக்கியமும் நின்றிருந்தோம்.

"என்ன பாக்கியம்?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா கீறியான்னு பாத்தேன்."

"இருக்கேன்" என்றேன்.